இரண்டாம் கட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்

குழுவை ஊக்குவிப்பது எப்படி என்று கொழும்பிலிருந்து ஒருவர் கணினித் திரையில் தோன்றி இரண்டு மணித்தியாலம் பாடம் நடத்தியது திங்கட்கிழமை காலையில். அந்தக் குழுவே இன்னும் இரண்டு கிழமையில் இருக்காது என்ற செய்தி வந்தது அதே திங்கட்கிழமை பின்னேரம். இரண்டையும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்று கம்சாயினியின் தலையில் எழுதியிருந்தது. கொழும்பில் பயிற்சிக்காரருடைய அறையும் பணிப்பாளருடைய அறையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார்கள்.

கம்சாயினிக்கு நாற்பத்தொரு வயது. நாளும் அமிர்தகழியிலிருந்து ஸ்கூட்டியில் குருக்கள்மடத்துக்கு வந்து, வாவிக்கரைத் திட்டம் ஒன்றுக்கு முகாமையாளராக இருக்கிறாள். திட்டத்தைச் சொல்லப் போனால் ஒரு வரிதான். வாவியில் பிடிபடும் சதை வைக்காத நண்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு, அதைக் கூட்டில் விட்டு, மீன்கழிவு போட்டு, கொழுத்த பிறகு விற்கப் பழக்குவது. மொத்தம் அறுபத்திரண்டு பெண்கள். அவர்களுக்கென்று வாங்கிய கூடுகள் அலுவலகத்தின் பின்னால் களஞ்சியத்தில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. அலுவலகம் என்பது வாடகை வீடு; களஞ்சியம் என்பது அந்த வீட்டின் குசினி.

அவளுடைய குழுவில் மூன்று பேர். வெல்லாவெளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தனுஷியா, கணக்கில் புலி, கதையில் பூனை. உள்ளூர்ப் பொடியன் மதுஷன், தோணியில் ஏறினால் இறங்கமாட்டான், அறிக்கை எழுதச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். மூன்றாவது ஆள் காத்தான்குடி ஷிஹான். இந்தக் கதை அவனுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்கு வந்தபோது ஷிஹான் கூட்டத்தில் நிமிர்ந்து பார்க்கமாட்டான். கோப்பைத் திறந்து வைத்து அதனோடேயே பேசுவான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். கம்சாயினி அவனுக்குப் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் நாற்பது பெண்களைக் கூட்டி வைத்துவிட்டு, வழியில் ஸ்கூட்டிக்கு டயர் காற்றுப் போய்விட்டது, நீங்களே தொடங்குங்கள் என்று போன் பண்ணினாள். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரான்குளத்தில் ஒரு கடையில் இருந்து ஒரு மணித்தியாலம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஷிஹான் சட்டை நனைய நனைய நின்று, நண்டு எப்போது கோது கழற்றும் என்று ஒரு வயதான பெண்ணிடம் கேள்வி கேட்டு, அவர் சொன்னதை மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்குத் திறந்த வாய் பிறகு மூடவில்லை. இப்போது மூன்று ஊர்க் கூட்டங்களையும் அவன்தான் நடத்துகிறான். அதில் கம்சாயினிக்குப் பெருமை. தான் பெற்ற பிள்ளை மேடையேறியதைப் போல ஒரு பெருமை.

அதனால்தான், திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் உறுதி என்று கொழும்பு சொன்ன உடனே, அலுவலகச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் தன் கையாலேயே எழுதினாள்: இரண்டாம் கட்டம், ஒருங்கிணைப்பாளர், ஷிஹான். எழுதிவிட்டு அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காது சிவந்து போயிருந்தது.

இப்போது பணிப்பாளர் போனில் சொன்னது இதுதான். பணம் தந்த நாடு கையை எடுத்துவிட்டது. இரண்டாம் கட்டம் இல்லை. மாத முடிவோடு எல்லோருக்கும் வேலை முடிவு. ஆனால் கடைசிக் கணக்கெடுப்பு அடுத்த கிழமை வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அறுபத்திரண்டு வீட்டுக்கும் போய், அறுபத்திரண்டு படிவமும் நிரம்பி வந்தால்தான் களஞ்சியத்தில் இருக்கும் கூடுகளைப் பெண்களுக்குக் கொடுக்க அனுமதி வரும். வராவிட்டால் கூடுகள் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும்.

"அதுவரைக்கும் ஸ்டாஃபுக்குத் தெரியக் கூடாது கம்சாயினி. தெரிஞ்சா அடுத்த நாளே ஒருத்தரும் வரமாட்டாங்க. டீமின் உற்சாகம் உங்கட பொறுப்பு. காலையில ட்ரெய்னிங் நல்லா இருந்ததாமே?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

ரகசியம் காப்பேன் என்று ஒரு தாளும் மின்னஞ்சலில் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்தப் பெண்களுக்காகத்தான் போட்டேன் என்று பிறகு பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். தன்னுடைய அடுத்த வேலைக்கு அந்தப் பணிப்பாளர்தான் நற்சாட்சிக் கடிதம் தர வேண்டும் என்பதும் உண்மைதான்.

அதோடு போயிருந்தால் இன்னொரு திட்டம் மூடிய கதையாக முடிந்திருக்கும். மட்டக்களப்பில் திட்டம் திறப்பதும் மூடுவதும் புதினமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஷிஹான் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மிஸ், ஒரு விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்க ஷிஹான்."

"கட்டார்ல மச்சான் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கார். ஒஃபிஸ் வேலதான். வியாழக்கிழமைக்குள்ள பாஸ்போட் கொப்பி அனுப்பணுமாம். இல்லாட்டி மாமாட மகன் நளீருக்குக் குடுத்திடுவாங்க. உம்மா போ போ எண்டு நிக்கிறா. எனக்கு விருப்பமில்ல மிஸ். இஞ்ச ரெண்டாம் கட்டம் வருதுதானே?"

விருப்பமில்லை என்று சொன்னாலும் போக வேண்டிய காரணம் அவன் வீட்டு வளவிலேயே நின்றது. தங்கை ரிப்காவுக்கு இருபத்துநாலு வயது. இந்தப் பக்கத்தில் தமிழரென்றாலும் சோனகரென்றாலும் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ரிப்காவின் வீடு சுவர் எழும்பி, கூரை இல்லாமல் ஒன்றரை வருடமாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. வாப்பா இல்லை. கூரை போட வேண்டியவன் ஷிஹான்தான்.

கம்சாயினிக்கு, போய்விடு தம்பி, இங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வெளி அறையில் தனுஷியா படிவங்களை எண்ணி மூன்று கட்டாக வைக்கும் சத்தம் கேட்டது. இவன் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு மதுஷன். பிறகு ஊர்.

"ரெண்டாம் கட்டத்த நம்பி நீங்க முடிவெடுக்க வேணாம். கட்டார் நல்ல இடம். யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

அவன் சிரித்தான். "நீங்க இப்படித்தான் சொல்லுவீங்க எண்டு தெரியும் மிஸ். காலுக்குக் கயிறு போடாத ஆள் நீங்க." நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வாவிக்கு அக்கரையில் படுவான்கரை வீடுகளுக்குக் கணக்கெடுக்கப் போய்விட்டான்.

சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் மத்தியானம் வரை இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவனிடம் சொல்ல முடியாவிட்டால் என்ன, அவனைப் போகச் சொல்லி நிற்பவர் ஒருவர் இருக்கிறாரே. அவனுடைய உம்மா. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை ஒரு வழிக்குத் திருப்ப வேண்டுமென்றால் பிள்ளையிடம் பேசுவதில்லை. தாயிடம் போய்ப் பேசுவதுதான் வழக்கம். தாய்க்குக் கொஞ்சம் கை கொடுத்தால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். ரகசியமும் உடையாது, பிள்ளையும் பிழைத்துக்கொள்வான். யோசித்துப் பார்த்தால் பிழை சொல்ல முடியாத யோசனை.

வீடு திரும்பும் வழியில் ஆரையம்பதியில் ஸ்கூட்டியை நிறுத்தி அப்பிளும் முந்திரிகைப்பழமும் வாங்கினாள். முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போகும்போது கை வீசிக்கொண்டு போக முடியுமா?

காத்தான்குடியில் ஷிஹானின் தாய் ஸைனம்பு உம்மா வாசலுக்கே ஓடி வந்தார். அறுபது வயதிருக்கும். மகனுடைய பெரிய மிஸ் வீடு தேடி வந்திருக்கிறா என்று பக்கத்து வேலிகளுக்கும் கேட்கும்படி ரிப்காவைக் கூப்பிட்டார். நல்ல கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. மஸ்கட் அல்வா வந்தது. அது வயிற்றுக்குள் போகும்வரை பேச்சைத் தொடங்க விடவில்லை.

"ஒங்களப் பத்தி இவன் பேசாத நாளில்ல மகள். ஒங்கட டயர் காத்துப் போச்சே, அந்த நாளத்தான் சொல்லிச் சொல்லிக் காட்டுவான். அண்டைக்குத்தான் உம்மா நான் மனுசனானன் எண்டு."

அந்தப் பேச்சைக் கேட்டு கம்சாயினிக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் மனிதருக்குக் கடைசியாகப் படித்ததுதான் கை கொடுக்கும். திங்கட்கிழமைப் பாடத்தில் அந்தப் பயிற்சிக்காரர் சொல்லியிருந்தார்: கசப்பான விஷயம் என்றால் முதலில் பாராட்டு, நடுவில் விஷயம், கடைசியில் மறுபடி பாராட்டு. வாழைப்பழத்துக்குள் குளிசை மருந்து வைத்துக் கொடுக்கிற அதே வித்தைதான்.

"உம்மா, இவரப் போல ஒரு ஆள் எனக்கு இனிக் கிடைக்கமாட்டார்" என்று தொடங்கினாள். அவனுடைய நேர்மையைச் சொன்னாள். பெண்கள் அவன் பேச்சுக்குக் கொடுக்கும் மரியாதையைச் சொன்னாள். நெஞ்சில் இருந்ததுதானே, தடையில்லாமல் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எண்டாலும் இவர் கட்டாருக்குப் போறதுதான் நல்லம். எங்கட வேலைய நம்பி நிக்க வேணாம் எண்டு நீங்க சொல்லுங்க. அனுப்பிவிடுங்க உம்மா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பாடம் முடியாதே. "எங்க இருந்தாலும் இவர் பெரிய இடத்துக்கு வருவார்" என்று பழத்தை மூடிக் கொடுத்தாள்.

ஸைனம்பு உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் மகள்" என்று மட்டும் சொன்னார். கம்சாயினி நிம்மதியாக ஸ்கூட்டியில் ஏறினாள். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு நாளில் முதல் தடவையாக வாவியைப் பார்த்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது வியாழக்கிழமை காலைதான் தெரிந்தது.

ஷிஹான் அலுவலகத்துக்குள் வரும்போதே முகத்தில் பெருநாள். கையில் ஒரு பெரிய சாப்பாட்டுப் பாத்திரம். உம்மா எல்லோருக்கும் புரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். தனுஷியாவும் மதுஷனும் பாத்திரத்தைச் சுற்றி நிற்க, அவன் கம்சாயினியின் மேசைக்கு வந்தான்.

"மிஸ், உம்மா ஓம் எண்டுட்டா!"

"எதுக்கு?"

"நிக்கிறதுக்குத்தான்! நீங்க வந்து போனதுக்குப் பொறகு உம்மா விடியும் வரைக்கும் யோசிச்சாவாம். நேத்துக் காலையில என்னக் கூப்பிட்டுச் சொன்னா: மகன், இல்லாமப் போற வேலையெண்டா பெரியவங்க இப்படிப் பழமும் வாங்கிட்டு ஊடு தேடி வருவாங்களா? ஒன்ன விட மனமில்லாட்டியும், ஒனக்கு நல்லது வரட்டும் எண்டு போகச் சொல்லித் தன்ட வாயாலயே சொல்றா. அப்படிப்பட்ட புள்ளைக்குக் கீழ வேல செய்யக் கிடைச்சதே பரக்கத்து, நீ எங்கயும் போகாத எண்டா."

ஸைனம்பு உம்மா பழத்தைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பிவிட்டார்.

"கட்டாருக்கு?" என்று கேட்டாள் கம்சாயினி.

"நளீருக்குக் குடுத்தாச்சு. நேத்துப் பின்னேரமே அவன்ட பாஸ்போட் கொப்பி போயிட்டு."

"இண்டைக்கு வரைக்கும் நேரம் இருக்கெண்டீங்களே. மாத்த ஏலாதா?"

"ஏன் மிஸ் மாத்துற? மாமாட ஊட்டுல சந்தோசத்துல சோறும் ஆக்கிட்டாங்க." அவன் அவளுடைய முகத்தைக் கொஞ்சம் பார்த்தான். அங்கே கண்டதை அவன் சந்தோசக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுக்காமல் வேறு எப்படி எடுப்பான்?

அவள் புரியாணி சாப்பிட்டாள். இனி அவனிடம் உண்மையைச் சொன்னால் அவனுக்கு மிஞ்சப் போவது வேதனை மட்டும்தான். வாக்குக் கொடுத்த இடத்தை நளீரிடமிருந்து பிடுங்க அவன் சம்மதிக்கமாட்டான். சொன்னால் அந்தப் பெண்களின் கூடும் போகும். சொல்லாவிட்டால் தான் இன்னும் எட்டு நாள் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டு நாளைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எதையும் எடுக்க அவளிடம் பலமில்லை.

அந்த எட்டு நாளும் ஷிஹான் வேலை செய்ததைப் போல அந்த அலுவலகத்தில் ஒருவரும் வேலை செய்ததில்லை. காலை ஏழு மணிக்கே வந்து நிற்பான். தன் பங்கு வீடுகளை முடித்துவிட்டு மதுஷனுடைய படிவங்களையும் அவனே எழுதிக் கொடுத்தான். தனுஷியாவுக்குப் பஸ் பிந்தினால் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றி வந்தான். மழை வந்து மதுஷன் சலித்துக்கொண்டபோது, "டேய், இந்த அறுபத்திரண்டு பேரும் நம்மள நம்பி இருக்காங்க. மிஸ் சொல்றாவே, ஒருத்தர் தூக்கினாப் பாரம், நாலு பேர் தூக்கினா வேல" என்றான். அது அவள் ஒருநாள் கூட்டத்தில் சொன்னதுதான். எந்த நேரத்தில் அதைச் சொன்னோமோ என்று கம்சாயினி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுதாள். நல்ல முகாமையாளர் என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமென்றால் கொழும்புதான் தர வேண்டும்.

கணக்கெடுப்பு ஒரு நாள் முந்தியே முடிந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கூடுகளைக் கொடுக்கலாம் என்று அனுமதி வந்தது. இரண்டு மணிக்கு மூவருக்கும் கடிதம் வந்தது. இதுவரை உழைத்ததற்கு நன்றி என்று தொடங்கி, விஷயத்தை நடுவில் வைத்து, உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும் என்று முடிந்திருந்தது.

தனுஷியா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மதுஷன், "பேக்காட்டிட்டாங்கள், நல்லா ஏமாத்திட்டாங்கள்" என்று கதிரையை உதைத்தான். ஷிஹான் தொழுகைக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் போனைத் திறந்தான். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தான். பிறகு கம்சாயினியின் அறைக்கு வந்தான்.

"ஊட்ட வந்த அண்டைக்கு ஒங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"ஓம்."

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

"ஓம் தம்பி. சொல்ல ஏலாம இருந்தன். கையெழுத்து வெச்சிட்டன். அந்தப் பொம்புளயள்ட கூடு…"

அவன் தலையாட்டினான். கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் மேசையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே நின்றான்.

"நான் போய்ச் சொன்னா உம்மா நம்பமாட்டா மிஸ். நான் என்னவோ பிழ விட்டுத்தான் வெலக்கிட்டாங்க எண்டு நெனப்பா. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவ நம்புவா."

அவனுடைய மோட்டார் சைக்கிள் முன்னால் போக, அவள் ஸ்கூட்டியில் பின்னால் போனாள். வழியில் ஒரு கடையிலும் நிறுத்தவில்லை. கேட்டைத் திறக்கும்போதே ஸைனம்பு உம்மாவின் சிரித்த முகம். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி இறங்கி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மகள், வாங்க. நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. நேத்துத்தான் மாப்பிள ஊட்டாருக்கு நாள் குடுத்தம். ரெண்டு வருசமா இழுத்தடிச்சவங்க. என்ட மகனுக்குப் பெரிய வேல கிடைச்சிருக்கு, அவன் ஊரோடதான் இருக்கான், ஆறு மாசத்துல கூர போட்டுடுவான் எண்டு நானே வாக்குக் குடுத்துட்டன்."

வாசல்படியில் ரிப்கா நின்றாள். இரண்டு கையிலும் மருதோன்றி.

கம்சாயினி இம்முறை யாரையும் புகழவில்லை. நின்ற இடத்திலேயே, திட்டம் மூடிவிட்டது, மாத முடிவோடு எல்லோருக்கும் வேலை போய்விட்டது, ஷிஹானில் ஒரு பிழையும் இல்லை என்று மூன்று வசனத்தில் சொல்லி முடித்தாள். ஷிஹான் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலே இருந்தான்.

ஸைனம்பு உம்மா பிடித்த கையை விடவில்லை. அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. புரியாத ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரலில்தான் கேட்டார்.

"அண்டைக்கு இம்பட்டுத் தூரம் வந்தீங்களே மகள். அண்டைக்கே இத ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே?"

அன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்லக் கம்சாயினிக்கு வாய் வரவில்லை.